கமேகுபோவில் குதிரைகளை அவிழ்த்தது யார்

மூன்றாம் மாதம், எட்டாம் நாள்

தலைநகரத்தில் பூமி ஆடி அந்தப் பெரிய புத்தர் சிலை நொறுங்கியதே, அதற்கு மறு வருடம் இது. கமேகுபோ சண்டை நடந்தது ரொம்ப முன்னால். நாட்டை ஆண்ட ஷோகுனை அவர் மாளிகையிலேயே வைத்து வெட்டினார்களே, அந்த வருடம், மழைமாதக் கடைசி. எங்கள் பள்ளத்தாக்கில் பட்டுப்புழுவெல்லாம் கறுத்துச் செத்த வருடம். மேல்தெருவில் இரட்டைத் தலையோடு ஒரு கன்று பிறந்தது. அந்த வருடத்துக்கு அரண்மனையில் என்ன பெயர் வைத்தார்களோ, எனக்குத் தெரியாது. கன்றின் நிறம் தெரியும் — செம்பழுப்பு.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்கிறேன், பக்கத்து வீட்டுத் தாகி எழுதுகிறாள். கோட்டை அடுக்களையில் வேலை செய்தபோது கற்றுக்கொண்ட எழுத்து. இடக்கையால் எழுதுகிறாள்; அவள் எல்லாவற்றுக்கும் இடக்கைதான். பதிலுக்கு நான் அவளுக்கு விறகு பிளந்து கொடுக்கிறேன். "உங்க தலை ஓட்டைப் பானை ஆகறதுக்குள்ள ஊத்தி வெச்சுடுங்கண்ணே" என்று அவள்தான் ஆரம்பித்து வைத்தாள். என் தலை ஓட்டை இல்லை. ஆனால் அதில் ஒரு கேள்வி கிடந்து அரிக்கிறது, சரியாக வேகாத சேப்பந்தண்டு தொண்டையை அரிக்கிற மாதிரி.

அன்று குதிரைகளை அவிழ்த்துவிட்டது யார்?

மூன்றாம் மாதம், பத்தாம் நாள்

சண்டையை ஒழுங்காகச் சொல்லி வைக்கிறேன்.

கடற்கரைப் பிரபு தொகிவாரா படையோடு கணவாய் ஏறி வந்தார். எத்தனை ஆயிரம் என்று எண்ணத் தெரிந்தவன் எங்களில் இல்லை. எங்கள் பிரபு குசேகி வீட்டார் எங்களைக் கூட்டியபோது, சமையல்காரனையும் சேர்த்து முந்நூறு பேர் தேறினால் அதிகம். கடற்கரைக்காரர்கள் எங்கள் கிராமத்தை எரித்தார்கள். எரிக்குமுன் கூரைக்கடியில் தொங்கியதையெல்லாம் அள்ளிக்கொண்டார்கள். நாங்கள் மேலே காட்டில் உட்கார்ந்து புகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கமேகுபோ என்பது ஆமையைக் கவிழ்த்துப்போட்ட மாதிரி ஒரு குழி. அதில் போய் அவ்வளவு பெரிய படை தங்கியது. பிறகு மழை, மழைக்கு மேல் ஆலங்கட்டி. எங்கள் பிரபு ஈட்டியால் கீழே காட்டினார். சரிவில் நாங்கள் ஓடினோம் என்பார்கள். ஓடவில்லை, வழுக்கினோம். பாதி தூரம் நான் பின்பக்கத்தால்தான் இறங்கினேன்.

கீழே போய்ச் சேர்ந்தால், எங்களுக்கு முன்னாலேயே அங்கே போர் நடந்துகொண்டிருக்கிறது. நூற்றுக்கணக்கான குதிரைகள் கட்டில்லாமல் கூடாரங்களுக்குள் ஓடுகின்றன. அவர்கள் தளபதியைச் சுற்றிக் கட்டியிருந்த திரைச்சீலை சரிந்து அவர் மேலேயே விழுந்திருந்தது. அதை விலக்கிவிட்டு எழுந்திருக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் சண்டை.

மலைத்தெய்வத்தின் வெள்ளைக் குதிரை வந்து மற்ற குதிரைகளைக் கூப்பிட்டதாகக் கோயிலில் சொல்கிறார்கள். வெள்ளைக் குதிரை ஒன்றையும் நான் பார்க்கவில்லை. ஆனால் ஒன்று பார்த்தேன். முளைக்குச்சிகள் வரிசையாக நின்றன, ஒன்றிலும் கயிறு இல்லை. அறுந்த நுனிகூட இல்லை. அவிழ்த்தவன் கயிற்றை ஏன் எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

நான்காம் மாதம், இரண்டாம் நாள்

கண்டவர்களிடமெல்லாம் கேட்டிருக்கிறேன். குதிரை வைத்தியன், பொதிக்குதிரைக்காரன், பைத்தியம் பிடித்த ஒரு குறிசொல்லி. குறிசொல்லி மட்டும்தான் தெரியாது என்று சொன்னாள்.

நான்காம் மாதம், பதினேழாம் நாள்

ஊர்த்தலைவர் ஷோபெய் வீட்டில் கூட்டம். வருகிற ஆறாம் மாதம் கமேகுபோவில் செத்தவர்களுக்கு முப்பத்துமூன்றாம் ஆண்டுச் சடங்கு. இதுதான் கடைசி. மடத்தில் ரியோசென் துறவி ஒவ்வொரு பெயராக வாசிப்பார். அதற்குப் பிறகு செத்தவர்களுக்குத் தனிப்பெயர் கிடையாது, மலையில் இருக்கிற முன்னோர்களோடு ஒன்றாய்க் கலந்துவிடுவார்கள். பெயர் வாசிக்கப்படாதவன் எங்கே போவான்? எங்கேயும் போகமாட்டான். வழியிலேயே நிற்பான்.

ஹிகோஜி பெயரை வாசிக்க முடியாது என்று ஷோபெய் சொல்லிவிட்டார். ஹிகோஜி தாகியின் புருஷன். கிராமம் எரிந்த அன்று பொழுது சாயும்போது, "வீட்டைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று காட்டிலிருந்து இறங்கினவன்தான். உடலும் இல்லை, தலையும் இல்லை. எதிரியிடம் ஓடிவிட்டான் என்றார்கள். இல்லை, உள்ளே புகுந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் செத்தான் என்று நான் சொல்லிப் பார்த்ததுண்டு. "நீ பாத்தியா?" என்று கேட்டார்கள். நான் பார்க்கவில்லை.

தாகி இதையெல்லாம் எழுதும்போது கை நிற்கவில்லை. எழுதி முடித்துத் தூரிகையைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

ஐந்தாம் மாதம், நான்காம் நாள்

மழை. கணவாய் வழியாக உப்புக்காரன் ஒருவன் வந்தான், கிழவன், என் வயது இருக்கும். ஆற்றில் வெள்ளம் இறங்கும்வரை என் வீட்டில் தங்கிக்கொள்ளச் சொன்னேன்.

ஐந்தாம் மாதம், ஐந்தாம் நாள்

மழை. எழுத ஒன்றும் இல்லை.

ஐந்தாம் மாதம், ஏழாம் நாள்

எழுத ஒன்றும் இல்லை என்று சொன்னேனே, அது பொய். தாகி, எழுது. நிறுத்தாமல் எழுது.

உப்புக்காரன் பெயர் இசோகிச்சி. என் கூரைக்கடியில் தொங்குகிற கயிறுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எங்கள் ஊர்க் கயிறு — சேப்பந்தண்டை உலர்த்தி, புளித்த சோயா மிசோ விழுதில் வேகவைத்து, முறுக்கிக் காயப்போட்டது. படைக்குப் போகிறவன் அதால் மூட்டையைக் கட்டுவான். பசித்தால் ஒரு சாண் வெட்டி வெந்நீரில் போடுவான், அது குழம்பு. எங்கள் பள்ளத்தாக்கில் அதைப் பார்த்தால் பச்சைக் குழந்தைக்குக்கூட எச்சில் ஊறும்.

அவன் கயிற்றை முகர்ந்து பார்த்தான். பிறகு சிரித்தான்.

"இத நான் தின்னிருக்கேன்யா."

எங்கே என்று கேட்டேன். கமேகுபோவில் என்றான்.

அவன் தொகிவாரா படையில் குதிரைக்காரனாக இருந்தவன். என் வீட்டில், என் அடுப்புக்குப் பக்கத்தில், என் கஞ்சியைக் குடித்துக்கொண்டு அவன் இதைச் சொல்கிறான். ஈட்டி என்று வீட்டில் ஒன்று இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. ஆயுதங்களை எல்லாம் அரசாங்கம் பிடுங்கிக்கொண்டு போனது நல்லதுதான். கோபம் வரத் தொடங்கியது, வருவதற்குள் ஆவல் முந்திக்கொண்டது. முப்பது வருடத்துக்கு மேலாக நான் கேட்காத ஒரே ஆள் எதிரிதான் என்று அப்போதுதான் புத்திக்கு எட்டியது.

"குதிரைய அவுத்தது யாரு?"

"நாங்கதான்."

அவர்களுடைய சணல் கயிறெல்லாம் ஆற்றங்கரையில் மாட்டிக்கொண்டதாம். வண்டிகளை வெள்ளத்தில் இழுக்க அதைக் கொடுத்துவிட்டார்களாம். வண்டிகளும் வரவில்லை, அரிசியும் வரவில்லை. குதிரைகளைக் கட்ட எங்கள் கிராமத்தில் அள்ளிய கயிறுதான் இருந்தது. அது சோறு என்று கடற்கரைக்காரனுக்குத் தெரியாது. பட்டினி கிடக்கிற படை, சோற்றால் குதிரையைக் கட்டிவிட்டு மழையில் உட்கார்ந்திருக்கிறது.

குதிரைகள் கயிற்றை நக்கினவாம், மென்றனவாம். குதிரைக்காரர்கள் அடித்து அடித்துப் பார்த்தார்கள். அங்கே கைதி ஒருவன் இருந்தான், எங்கள் ஆள், அதே கயிற்றால் கட்டிப் போட்டிருந்தார்கள். பார்த்தால் அவனும் மென்றுகொண்டிருக்கிறான். தப்பிக்கப் பார்க்கிறான் என்று உதைத்தார்கள். அவன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னானாம்: "குதிரைக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலியே. இது எங்க ஊர்ச் சோறுடா."

அதற்கப்புறம் யார் நிறுத்துவது? இரும்புத் தொப்பிகளைக் கவிழ்த்துச் சட்டியாக்கி, குதிரைக் கயிறு எல்லாவற்றையும் வெட்டிப் போட்டார்கள். கைதியைக் கட்டியிருந்த கயிறும் சட்டிக்குள் போனது. அவனைக் கட்ட வேறு கயிறு இல்லை. அவன் ஓடவில்லை. அகப்பையை வாங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் வேகட்டும், அவசரப்பட்டால் தொண்டை அரிக்கும் என்று எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தானாம். அந்த நேரத்தில்தான் ஆலங்கட்டி விழுந்தது, இடி இடித்தது, குதிரைகள் கிளம்பின. குதிரைகள் போன வழியில் அகப்பையோடு அவன் கிடந்ததை இசோகிச்சி ஓடும்போது பார்த்திருக்கிறான்.

இதைத் தாகியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். எதிரிக்குக் குழம்பு வைத்துக் கொடுத்துக்கொண்டே செத்தான் உன் புருஷன் என்றா சொல்வது? அவன்தான் என்று நிச்சயமும் இல்லையே.

தாகி எழுதுவதை நிறுத்திவிட்டாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"முறுக்கு எந்தப் பக்கம்னு கேட்டீங்களாண்ணே?"

ஐந்தாம் மாதம், எட்டாம் நாள்

கேட்டேன். இசோகிச்சி வாயால் பதில் சொல்லவில்லை. இரண்டு கையையும் நீட்டி, காற்றில் கயிறு முறுக்குகிற மாதிரி காட்டினான். ஊரில் எல்லோரும் முறுக்குகிற பக்கம் இல்லை, மறுபக்கம், இடக்கைப் பக்கம்.

"ஒவ்வொரு துண்டு வெட்டும்போதும் அந்தாளு காமிச்சுக்கிட்டே இருந்தான்யா. பத்துக் கயித்துல இது எங்க வீட்டுக் கயிறு, என் வீட்டுக்காரி எதையும் தலைகீழாத்தான் செய்வா, உப்பு ஒரு கை கூடப் போடுவா, அதான் ருசின்னான். பெருமை தாங்கல அவனுக்கு. சாகப்போறவன் மாதிரியே இல்ல."

தாகி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. இன்றைக்கு இதை எழுதும்போது, "உப்பு கூடவெல்லாம் போடமாட்டேன்" என்றாள். சரி, அதையும் எழுதிக்கொள் என்றேன்.

ஐந்தாம் மாதம், ஒன்பதாம் நாள்

இசோகிச்சியை இன்னும் கேட்டேன். எங்கள் போர்க்கூச்சல் கீழே எப்படிக் கேட்டது? கேட்கவே இல்லை, மழைதான் கேட்டது என்றான். எங்களைப் பார்த்ததும் எத்தனை பேர் என்று நினைத்தார்கள்? நினைக்க நேரமில்லை, குதிரைக்கு ஒதுங்குவதா உங்களுக்கு ஒதுங்குவதா என்றான். குழம்பு வெந்திருந்ததா?

"பாதி. மூணு நாள் தொண்ட அரிச்சுது."

ஐந்தாம் மாதம், பதின்மூன்றாம் நாள்

ஷோபெய் வீட்டுக்கு மூன்று பேரும் போனோம். வர மாட்டேன் என்று இசோகிச்சி முதலில் பின்வாங்கினான். இந்த ஊரை எரித்தவர்களில் ஒருவன் அவன், அது அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். தாகி அவனைப் பார்த்தாள். வந்துவிட்டான்.

ஷோபெய் முழுவதும் கேட்டார். கெட்டவர் இல்லை, அவருடைய அப்பா அந்தச் சரிவில்தான் செத்தார். எல்லாம் கேட்டுவிட்டு, ஹிகோஜி எதிரிக்குச் சோறு போட்டிருக்கிறான், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் என் அப்பா பெயரை எப்படி வாசிக்கச் சொல்வேன் என்றார்.

நான் குறுக்கே விழுந்தேன். அது தந்திரம், குதிரைக் கயிற்றை எதிரியின் கையாலேயே வெட்ட வைத்திருக்கிறான், இந்தப் போரை ஜெயித்தது ஹிகோஜிதான் என்றேன். ஷோபெய் தாடையைத் தடவினார். அவருக்கு அது பிடித்திருந்தது. அப்படியென்றால் வாசிக்கலாம், தந்திரத்தால் வென்றவன் என்று பெயருக்கு முன்னால் சேர்த்தே வாசிக்கலாம் என்றார். ரியோசென் துறவியும் தலையாட்டினார்.

முடிந்தது என்று நினைத்தேன். தாகி வாயைத் திறந்தாள்.

"தந்திரமெல்லாம் இல்லீங்கய்யா. அவருக்குப் பசிச்சிருக்கும். பசிச்சா பக்கத்துல இருக்கிறவன் யாருன்னு பார்க்கமாட்டாரு, அவனுக்கும் பசிக்குதான்னுதான் பார்ப்பாரு. நான் அவரோட குடும்பம் நடத்தினவ. தந்திரக்காரன்னு வாசிச்சா, அங்க நிக்கிறவரு யாரையோ கூப்பிடறாங்கன்னு நின்னுக்கிட்டேதான் இருப்பாரு. வெறும் பேரை வாசிங்க. இல்லாட்டி விட்டுடுங்க."

வெளியே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஷோபெய் திரும்பி இசோகிச்சியிடம் கேட்டார், அவருக்கே அப்படிக் கேட்போம் என்று தெரியாது போலிருந்தது:

"நல்லாருந்துச்சா?"

"இன்னிக்கு வரைக்கும் அப்படி ஒண்ணு நான் குடிச்சதில்லீங்க" என்றான் இசோகிச்சி.

யோசித்துச் சொல்கிறேன் என்று ஷோபெய் எங்களை அனுப்பிவிட்டார்.

ஐந்தாம் மாதம், இருபதாம் நாள்

ஷோபெய் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளம் இறங்கிவிட்டது. இசோகிச்சி போகவில்லை. உப்பெல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது, ஏன் இருக்கிறாய் என்று கேட்டேன். என்ன ஆகிறதென்று பார்க்காமல் போனால் தூக்கம் வராது என்றான். என்னைப் போலவே ஒருவன்.

ஆறாம் மாதம், ஆறாம் நாள்

மடத்தில் நெரிசல். ரியோசென் வாசித்தார். ஷோபெயின் அப்பா பெயர் வந்தது. அதற்கு அடுத்தது, "ஹிகோஜி." முன்னாலும் பின்னாலும் ஒன்றும் இல்லை.

தாகி கும்பிட்டபடி தலை நிமிராமல் இருந்தாள். கடைசி வரிசையில் இசோகிச்சி, கடற்கரைக்காரனென்று யாரும் அவனை விரட்டவில்லை.

இன்று இதற்கு மேல் எழுத வேண்டாம் என்று தாகி சொல்கிறாள்.

ஒன்பதாம் மாதம், இருபத்திரண்டாம் நாள்

சேப்பந்தண்டு அறுவடை முடிந்தது. தாகி வீட்டு முற்றம் முழுக்க உலர்கிறது. உப்போடு இசோகிச்சி மறுபடியும் வந்திருக்கிறான். உட்கார்ந்து கயிறு முறுக்கக் கற்றுக்கொள்கிறான். கை வரவில்லை. "அந்தப் பக்கம் இல்லய்யா, இந்தப் பக்கம்" என்று தாகி அதட்டுகிறாள். உப்பு மட்டும் அவன் கொண்டுவந்ததில் ஒரு கை கூடத்தான் போடுகிறாள். நான் பார்த்தேன். எழுது தாகி, நான் பார்த்தேன்.

நேற்று தூங்கும்முன் எண்ணிப் பார்த்தேன். என்னோடு அந்தச் சரிவில் வழுக்கி இறங்கிய யஹெய் அம்மை வந்து போனான். சமையல்காரன் கோரோசா கூரையிலிருந்து விழுந்து போனான். எங்கள் பிரபுவும் போய்விட்டார், அவர் வீடும் போய்விட்டது. தொகிவாராவின் வீடும் போனது. மற்றவர்கள் பெயரெல்லாம் மடத்தில் வாசித்தாயிற்று. சொல்லிக்கொண்டிருக்கிற என்னைக் கணக்கில் விட்டுவிட்டால், அன்று கமேகுபோவில் இருந்தவர்களில் எனக்குத் தெரிந்து இன்னும் உயிரோடு இருப்பது ஒருவன்தான் — அதோ முற்றத்தில் உட்கார்ந்து கயிற்றைத் தப்பான பக்கம் முறுக்கிக்கொண்டிருக்கிற இசோகிச்சி.