தார்பாய் இருந்த இடம்

மே 3

எனக்கு எழுத்து தெரியாது. போனிடம் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. பேசுகிறேன்.

தாம்பரம் ஸ்டேஷன் ரோட்டில் எங்கள் தலைக்கு மேல் இருந்த நீலத் தார்பாயை கார்ப்பரேஷன்காரர்கள் பிய்த்துக்கொண்டு போய்விட்டார்கள். நடைபாதையை மறைக்கிறதென்று கடைக்காரர் சங்கத்து ஜெயவேலு மனுக் கொடுத்தாராம். பக்கத்தில் சாவி போடும் நசீருதீன் என் தையல் மிஷினைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான். “இன்னா துளசிங்கம், இனிமே ஜிப்பு தைக்காத. தோசை ஊத்து, ரெண்டு பேரும் பொழச்சிக்கலாம்.”

மே 4

வெயில். தைக்க ஒரு பைகூட வரவில்லை.

மே 14

நசீர் போய்விட்டான்.

மதியம் அரத்தால் சாவியை ராவிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான். முகத்தில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. “ராத்திரி மழை பெஞ்சுதா?” என்று கேட்டான். மழை ஏது? அப்படியே பெட்டிமேல் சாய்ந்தான். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று எழுதிவிட்டார்கள்.

மே 27

தெருவோரத் தொழிலாளர் சங்கத்து வெண்ணிலா வந்தாள். வெயிலைப் பற்றிக் கூட்டமாம், அதிகாரிகள் வருவார்களாம். எங்களுக்கு நிழல் உண்டா இல்லையா என்பது அங்கேதான் முடிவாகும். வருஷா வருஷம் சூடு ஏறுவதைக் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

“இத காட்டினா கொட்டாவி விடுவாங்க தாத்தா. நசீர் பாய் கதைய நீங்க சொன்னா கேப்பாங்க. ஆனா சுகர், பீடி எல்லாம் வேணாம். அத மட்டும் புடிச்சுப்பாங்க.”

கதையா? என் கண் முன்னால் செத்தவன்.

மே 29

பம்மலுக்குப் போனேன். நசீரின் சம்சாரம் அக்தர் பேகம் இத்தாவில் இருக்கிறார். புருஷன் போனால் நாலு மாதம் பத்து நாள் அவர்கள் வெளியே வரக்கூடாது. கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. “பேசுங்கண்ணே. பீடிய மட்டும் சொல்லாதீங்க. கெட்ட பழக்கத்தால போனாருன்னு ஆக்கிடுவாங்க.”

சரி என்றேன்.

ஜூன் 2

கூட்டம். கோடுகளைக் காட்டும்போது பாதிப் பேர் போன் பார்த்தார்கள். நான் நசீரைச் சொன்னதும் நிமிர்ந்தார்கள். உடனே ஜெயவேலு எழுந்தார்.

“வெயிலு எப்பவும் அடிக்கிறதுதான் சார். அந்த பாய்க்கு சுகரு, பீடி வேற. இல்லன்னு பெரியவரு சொல்லட்டும்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே?

“ஆமா சார். சுகரு கீது. பீடி எங்கிட்ட வாங்கித்தான் குடிப்பான். ரெண்டையும் வெச்சிகினு தார்பாய்க்கு கீழ இத்தினி வருசம் குந்திகினு இருந்தான். அத எடுத்தப்புறம் ரெண்டு வாரம் தாங்கல. கடைசில வேர்வையே இல்ல, மழை பெஞ்சுதான்னு கேட்டான்.”

அதிகாரிகளோடு இருந்த டாக்டரம்மா கேட்டார். “வேர்க்கலையா? நல்லா தெரியுமா?”

“பக்கத்துலயே குந்திகினு இருந்தேம்மா.”

வெயில் உள்ளே ஏறினால் அப்படித்தான் வேர்வை நிற்கும், பேச்சுக் குழறும் என்றார். அந்த நாளின் சூடு எவ்வளவு என்று வெண்ணிலாவைக் கேட்டார். அவள் தாளில் இருந்தது. இந்தத் தடவை எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

பேகத்துக்குக் கொடுத்த வாக்கு போச்சு.

ஜூன் 3

அக்தர் பேகம் போனை எடுக்கவில்லை.

ஜூன் 11

எடுக்கவில்லை.

ஜூலை 8

எங்கள் தலைக்கு மேல் நிழலுக்குப் பச்சை வலை கட்டிவிட்டார்கள். ஜெயவேலு அதன் கீழ் நின்று வெகுநேரம் போன் பேசினார். நான் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 24

இத்தா முடிந்து அக்தர் பேகம் வந்திருந்தார்.

“அவரு ஒக்காந்த எடம் எதுண்ணே?”

காட்டினேன். நிழல் அதுவரை வந்திருந்தது. உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“பீடிய விட்டுட்டேன்னு என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணாரு.”

“பொய்ம்மா.”

“தெரியும். சட்டைய தொவைக்கிறவ நான்தானே?” சிரித்தார். அப்புறம் அழுதார். துப்பட்டா முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நெழல்லயும் இப்பிடி வேர்க்குதேண்ணே.”

“வேர்க்கட்டும்மா” என்றேன்.