அரச கல்யாணத்துத் தொப்பிகள்

லா சப்பல், பாரிஸ்
30.04.2011

அன்புள்ள கோசலை,

நீரும் ஆரணியும் சுகமென்றே நம்புகிறேன். எனக்கு ஒரு குறையுமில்லை. குழம்பாமல் எழுத மூன்றாகப் பிரிக்கிறேன்:
1. என் விசா.
2. நேற்றைய அரச கல்யாணம்.
3. ஆரணியின் கல்யாணத்துக்கு நான் வராதது பெரிய குறையில்லை என்பது.

அங்கே வருவதற்கான விசாவை இம்முறையும் மறுத்துவிட்டார்கள். ஆனியில் ஆரணியின் கல்யாணத்துக்கு வர முடியாது.

லண்டன் கல்யாணத்தை எங்கள் சேலைக் கடை டீவியில் போட்டார்கள். வந்த பெண்கள் சேலையை மறந்து விருந்தாளிகளின் தொப்பிகளையே பார்த்தார்கள்.

"உது தொப்பியோ, அப்பளமோ?" என்றாள் கடைக்காரி துஷாந்தி. "அண்ணை, மகளின்ரை கலியாணத்துக்கு மச்சாளும் இப்பிடி ஒண்டு போடலாமே."

நானும் சிரித்தேன். அப்போதுதான் ஓர் ஆறுதல் தோன்றியது. கல்யாணத்தில் எல்லாரும் உடுப்பைத்தான் பார்க்கிறார்கள். வராதவரை யாரும் தேடுவதில்லை. நானில்லாமல் நீர் தனியே நின்று தாரை வார்க்க முடியாது என்பதால், தம்பி சேந்தனும் மனைவியும் நிற்கட்டும். என் பட்டு வேட்டியை அவனுக்குக் கொடும். தாரை வார்க்கும்போது ஆரணியின் கையைக் கிட்ட எடுக்கும்படி வீடியோக்காரரிடம் சொல்லும்.

கடை திறக்க நேரமாகிவிட்டது. ஆனாலும் ஒன்றை மறைக்க மனமில்லை. மணப்பெண் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தபோது கடையில் ஒருவரும் தொப்பிகளைப் பார்க்கவில்லை. துஷாந்தி மட்டும் என்னைப் பார்த்துவிட்டு, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாவதாக எழுதியது பிழை, கோசலை.

இரத்தினம்