தையல்காரரின் இடுப்பளவு

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம், கடையில் தையல் மெஷினும் நலம். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே, பேரனுக்குத் தலை நின்றுவிட்டதா?

பிரசவத்துக்கு நான் வரவில்லை என்று நீ இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாயாம். கடையில் வேலை என்று நான் சொன்னது பச்சைப் பொய், கண்ணு. அரை மணிக்கொரு தரம் சிறுநீர் முட்டும், போனால் சொட்டுச் சொட்டாக வரும், இந்த லட்சணத்தில் பதினாலு மணி நேரம் விமானத்தில் எப்படி உட்காருவது? மகளிடம் சொல்லக் கூச்சம், பெரிய வியாதியாக இருக்குமோ என்று அதைவிடப் பயம். போன மாதம் ஒரு கல்யாணப் பையனைக் குண்டூசி குத்திய கோட்டோடு கையைத் தூக்கி நிற்கவைத்துவிட்டு இரண்டு முறை ஓடினேன், மூன்றாவது முறை திரும்பி வந்தால் கோட்டு மட்டும்தான் இருந்தது. அன்றைக்கே உன் அம்மா என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

புற்றுநோய் இல்லை, வயதானால் பெரிதாகிற புராஸ்டேட் சுரப்பிதான் என்று டாக்டரம்மா சோதித்துச் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு என் இடுப்பை அளந்து நாற்பத்திரண்டு என்றார். உங்க டேப் சரியில்லம்மா, நான் முப்பத்தாறுதான்னு சண்டைக்கே போய்விட்டேன். விஷயம் என்னவென்றால், பேண்ட் இறுக்கினால் தையலைப் பிரித்து விட்டுக்கொள்வேன், புதிது தைத்தால் சத்தமில்லாமல் அரை அங்குலம் கூட்டி வெட்டுவேன், ஊரார் இடுப்பையெல்லாம் அளந்தவன் என்னுடையதை அளந்ததே இல்லை. தொப்பையும் சர்க்கரையும் ரத்தக் கொழுப்பும் ஏறியவர்களுக்கு இந்தச் சுரப்பி பெரிதாக வாய்ப்பு அதிகமாம், எல்லாம் ஒரே கூட்டணியாம். எனக்கு மூன்றுமே ஏறியிருக்கிறது! நடந்தால் சுருங்கிடுமான்னு கேட்டேன், அதற்கு உத்தரவாதம் இல்லை, ஆனால் தொல்லை குறையலாம், இதயத்துக்கும் நல்லது என்றார். இப்போது மாத்திரையும் காலை நடையும் ஓடுகிறது, சர்க்கரை டப்பாவை உன் அம்மா எங்கே ஒளித்தாள் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு கோட்டை எழுந்திருக்காமல் வெட்டி முடிக்கிறேன். மாப்பிள்ளையின் கல்யாணக் கோட்டுக்கு இன்னும் பட்டன் போட முடிகிறதா என்று பார், அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே.

டிக்கெட் எடுத்துவிடு, கழிப்பறைக்குப் பக்கத்து இருக்கையாகக் கேட்டு வாங்கு, கூச்சமெல்லாம் போயே போச்சு. மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். வந்து பேரனை மடியில் வாங்கினேன் என்றால், அவன் எத்தனை முறை நனைத்தாலும் நான் எழுந்திருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா