ஜம்பு மரத்தை வெட்டியது வெளிச்சத்துக்காக இல்லை

அன்புள்ள பிலோமினா அக்கா,

நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் கதைத்ததில்லை. ஒரே ஒரு தடவை, பாலையூற்று மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் உங்களுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். நீலச் சேலை, கொண்டையில் மல்லிகை. அன்றைக்கு நீங்கள் யாரோ ஒருவருடைய மனைவி. நான் அண்ணன் வீட்டு மூலையில் தையல் மெசினோடு காலம் போக்கிய, கலியாணம் ஆகாத குமர். பிறகு நீங்கள் நோயில் போனீர்கள். நீங்கள் போய் மூன்று வருடம் கழித்து, என்னுடைய நாற்பத்து நான்காவது வயதில், உங்கள் கணவருக்கு நான் மனைவியானேன். அந்த உரிமையில்தான் அக்கா என்கிறேன்.

‘அன்புள்ள’ என்று தொடங்கினேனே, அது பாதி உண்மை. மற்றப் பாதியைச் சொல்ல வேறு ஆளில்லாமல்தான் உங்களுக்கே எழுதுகிறேன். எனக்கு உங்களில் பொறாமை, அக்கா. ஐந்து வருடமாகப் பொறாமை.

நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் கிழமை, கடைத்தெருவில் ஓட்டோ பிடித்து இடம் சொன்னேன். “பிலோமினாக்காட வீட்டடியோ?” என்று கேட்டான் ஓட்டோக்காரன். ஓம் என்றேன். இன்றைக்கும் அப்படித்தான் கேட்கிறார்கள். இன்றைக்கும் ஓம் என்றுதான் சொல்கிறேன்.

விடிய ஐந்தரைக்கு எழும்பி உங்கள் பூமரங்களுக்குத் தண்ணீர் விடுகிறேன். உங்கள் செவ்வரத்தை, உங்கள் நந்தியாவட்டை, உங்கள் கறிவேப்பிலை எல்லாம் என் கையால் தண்ணீரைக் குடித்துவிட்டு உங்கள் பெயரைச் சொல்லிச் செழிக்கின்றன. நான் நட்ட ரோசாத்தடி மூன்றும் பட்டுப்போயின. பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “பிலோட கை ராசி அப்பிடி” என்றாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

எட்டு மணிக்கு அவர் துறைமுகப் பக்கம் போட் இஞ்சின் திருத்தப் போனபிறகுதான் என் வேலை தொடங்கும். நான் துண்டுத்துணிப் போர்வை தைக்கிறவள். தையல்கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளைச் சேர்த்து, அளவாக வெட்டி, நிறம் பார்த்துப் பொருத்தி, அடித்துணிக்கும் மேல்துணிக்கும் நடுவில் மெல்லிய பஞ்சு வைத்து, மூன்றையும் கையாலேயே சின்னச் சின்னத் தையலாக ஓட்டி எடுக்க வேண்டும். பெரிய கட்டில் போர்வை ஒன்றுக்கு ஒரு மாதம் பிடிக்கும். சோறு வடித்துவிட்டு இரண்டு வரிசை, மீன்காரன் வந்து போனபிறகு ஒரு வரிசை, உடுப்புத் தோய்த்துக் காயப்போட்டுவிட்டு இன்னும் கொஞ்சம். அப்படியே பின்னேரம் வந்துவிடும். நிலாவெளிப் பக்கத்து விடுதிகள் வாங்குகின்றன. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனமும் சொல்லி அனுப்பித் தைப்பிக்கும்.

இந்த வேலையில்தான் எனக்குப் பெயர் இருக்கிறது. உங்களுக்கு ஊசியில் நூல் கோர்க்கக்கூடப் பொறுமை இல்லை என்று அவர் ஒருநாள் சொன்னார். அந்த ஒரு வசனத்தை நான் ஒரு வருடம் வைத்துச் சந்தோசப்பட்டேன். இதெல்லாம் சின்னத்தனம் என்று எனக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து உங்கள் மகள் நிரோசா கப்பல்துறை ஊரிலிருந்து வருவாள், பேத்தி அனுவையும் கூட்டிக்கொண்டு. சனிக்கிழமையே துணிகளை எல்லாம் மூட்டை கட்டி அலுமாரிக்குள் தள்ளிவிட்டு, வீடு கூட்டி, நல்ல மீனாகப் பார்த்து வாங்கி வைப்பேன். என்னை அவள் ‘அன்ரி’ என்பாள். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் சாப்பிட்டு முடிந்ததும் தகப்பனும் மகளும் பின் வளவுக்குப் போய் அந்த ஜம்பு மரத்துக்குக் கீழே கதிரை போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நான் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு அவர்கள் கதைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குக் கதிரை போடவேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. போடவுமில்லை.

அந்த மரம் நீங்கள் வைத்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்த வளவில் எல்லாமே நீங்கள் வைத்ததுதானே?

என் தையலறை யன்னலை அந்த மரம்தான் மூடிக்கொண்டு நின்றது. போன ஆவணியில் லண்டனில் ஒரு கலியாணத்துக்குப் போர்வை தைத்தேன். எல்லாம் கருநீலம். மேல்பக்கம் முடிந்த நேரம், எனக்கு வெட்டுத்துண்டு கொண்டுவந்து தரும் பரீதா வந்தாள். டவுனில் தையல்கடை வைத்திருக்கும் கிண்ணியாப் பிள்ளை. போர்வையை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தாள்.

“அக்கா, இந்த ரெண்டு வரிசையும் நீலமில்ல. கறுப்பு.”

“போடி, விசர்க்கதை கதையாத.”

“அல்லாவாணக் கறுப்பு. இந்த இருட்டறைக்குள்ள நிறம் தெரியுமா? அந்த மரத்தில ரெண்டு கொப்பத் தறிச்சு விடுங்க, போதும்.”

கலியாணப் போர்வையில் கறுப்பு! இரண்டு வரிசையையும் பிரித்து எடுத்தேன். விரல் நுனி எல்லாம் ஊசிக் குத்து. அன்று மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுப் பின் வளவுக்குப் போனார். விழுந்து கிடந்த ஒரு ஜம்புப் பழத்தைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக் கடித்தார். “பிலோ இருக்கேக்க இது இன்னும் இனிப்பாக் காய்ச்சது” என்றார். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

மூன்றாம் நாள் அவர் இறக்கக்கண்டிக்கு ஒரு இஞ்சின் வேலையாகப் போனார். நான் மரம் வெட்டுகிற இரண்டு பேரைக் கூப்பிட்டேன்.

“கொப்பையோ, மரத்தையோ?” என்று கேட்டார்கள்.

“மரத்தை. அடியோட.”

பத்து மணிக்கு மரம் விழுந்துவிட்டது. தையலறைக்குள் வெயில் வந்து மெசின், மேசை, துணி எல்லாவற்றிலும் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அக்கா. அழகான வெளிச்சம். விறாந்தையில் மாட்டியிருக்கும் உங்கள் படத்துக்கு முன்னால் போய் நின்று, “இனி என்ன செய்வீங்க?” என்று வாய்விட்டுக் கேட்டேன். வீட்டில் ஒருவரும் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

பின்னேரம் அவர் வந்து வெட்டின அடியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“நீர் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்.”

“ஆரிட்டக் கேக்கிறது? உங்களிட்டயோ, அவவிட்டயோ?”

அவர் உள்ளே போனார். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். சண்டை பிடித்திருந்தாலும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நிரோசா வந்தாள். அனுதான் முதலில் பின்னுக்கு ஓடினாள். ஓடின வேகத்தில் திரும்பி வந்து, “அம்மா, மரம் இல்லை” என்றாள். நிரோசா போய்ப் பார்த்தாள். திரும்பி வரும்போது முகம் வெளுத்திருந்தது.

“வெளிச்சம் காணாது பிள்ள. தைக்கேக்க நிறம் தெரியேல்ல. அதுதான்” என்றேன்.

“அது நான் வெச்ச மரம், அன்ரி.”

“நீங்களோ? அம்மா இல்லையோ?”

“ஏழு வயசில, கூடப் படிச்ச பிள்ளையின்ட வீட்டில இருந்து பால்மா டின்னுக்குள்ள வெச்சுக் கொண்டுவந்தனான். அம்மாக்கு அதைக் கண்ணில காட்ட ஏலாது. முசுறு கடிக்குது, உடுப்புக் காயுதில்ல எண்டு ஒவ்வொரு நாளும் பேச்சு. ஒருக்கா வெட்ட ஆளும் கூப்பிட்டவ. நான் மரத்தைக் கட்டிப் பிடிச்சு அழ, ஆளுக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பிப்போட்டா. பிறகு வெட்டக் கேக்கவே இல்ல.”

அவ்வளவுதான் சொன்னாள். சாப்பிட்டாள், கோப்பையைக் கழுவி வைத்தாள், போய்விட்டாள்.

நான் உங்களுக்கு எறிந்த கல் உங்கள் பிள்ளையில் பட்டுவிட்டது. அதற்காக அழுதேன் என்று எழுதினால் நல்லவளாகத் தெரிவேன். ஆனால் முதலில் வந்தது அழுகை இல்லை. அப்போதும் பொறாமைதான் வந்தது. பிடிக்காத மரத்தைப் பிள்ளைக்காக இருபது வருடம் முசுறுக் கடியோடு விட்டுவைத்தீர்கள். நான் ஒரு காலையிலேயே சாய்த்துவிட்டேன். அதிலும் நீங்கள்தான் வென்றீர்கள்.

அதற்குப் பிறகு ஐந்து ஞாயிறு அவள் வரவில்லை. அனுவுக்குத் தடிமன், வீட்டில் ஆட்கள், பஸ் இல்லை என்று தகப்பனுக்குப் போனில் சொல்லுவாள். அவர் தனியே கப்பல்துறைக்குப் போய் வந்தார். என்னை வா என்று கேட்கவில்லை. சனிக்கிழமை மீன் வாங்குவேன். ஞாயிறு நாங்கள் இரண்டு பேரும் அதை முள் எடுத்து முள் எடுத்துச் சாப்பிடுவோம். கலியாணப் போர்வை நல்ல வெளிச்சத்தில் முடிந்தது. ஒரு தையல் பிசகில்லை. அதைப் பார்க்க எனக்கு மனமில்லை.

ஆறாவது வாரம், புதன்கிழமை, அவர் வேலைக்குப் போனதும் கண்டி வீதி பஸ்ஸில் ஏறினேன். நிரோசா விறாந்தையில் இருந்து காய்ந்த உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு எழும்பி, “வாங்க அன்ரி” என்று கதிரை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு கதை கதைத்துவிட்டு வந்துவிடுவேன் என்று பயம்.

“நான் உங்களுக்கு ஒரு பொய் சொன்னனான், பிள்ள.”

“என்ன பொய்?”

“வெளிச்சத்துக்கு எண்டது. வெளிச்சத்துக்கு ரெண்டு கொப்புப் போதும். பரீதாவும் அதைத்தான் சொன்னவ. அடியோட வெட்டினது உங்கட அம்மாவில உள்ள எரிச்சலில. அவ வெச்ச மரமெண்டு நினைச்சிட்டன்.”

“அம்மா செத்து எட்டு வருசம், அன்ரி.”

“அதுதான் பிள்ள. உயிரோட இருந்தா வாய்ச்சண்டை பிடிக்கலாம். செத்தவவோட என்னெண்டு பிடிக்கிறது?”

நிரோசா சிரிக்கவில்லை. மடித்த சட்டையை விரித்துத் திரும்பவும் மடித்தாள்.

“எனக்கும் உங்களில எரிச்சல்தான்” என்றாள் மெல்ல. “மரத்துக்காக இல்ல. அதுக்கு முதலே.”

“ஏன்? நான் என்ன செய்தனான்?”

“நீங்க ஒண்டும் செய்யேல்ல. அப்பா உங்களோட சிரிக்கிறார். நீங்க துணியை விரிச்சுப்போட்டு என்னவோ பகிடி சொல்ல, அவர் வயித்தப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறார். அம்மாவோட அவர் அப்பிடிச் சிரிச்சு நான் காணேல்ல. அம்மா சமைப்பா, தோய்ப்பா, பூமரத்துக்குத் தண்ணி விடுவா. அவர் வருவார், சாப்பிடுவார், படுப்பார். அம்மாக்கு ஏன் அது கிடைக்கேல்ல எண்டு ஒவ்வொரு ஞாயிறும் நினைச்சுக்கொண்டுதான் வீட்ட போவன்.”

அதற்குப் பிறகுதான் நான் கதிரையில் உட்கார்ந்தேன். அவள் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு பேரும் எடுக்கவில்லை. நான் கேட்கவில்லை, அவள் தரவில்லை. அனு பள்ளிக்கூடம் விட்டு வந்து என் தோளில் சாய்ந்தாள். பஸ் நேரம் வந்தது.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு வெட்கம். பஸ்ஸில் ஏறி யன்னலோரம் இருந்ததும் எனக்குள் ஒரு சந்தோசம் பொங்கியது, அக்கா. உங்களிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது! டவுன் வரும்வரை அந்தச் சந்தோசத்தை மிட்டாய் மாதிரி வாய்க்குள் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த மனுசி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

பின்னேரம் அவர் வந்து, இஞ்சின் எண்ணெய் போகக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே, ஒரு போட்காரன் தலைகீழாக இஞ்சினைப் பூட்டிவிட்டுக் கடலுக்குப் போன கதையைச் சொன்னார். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் நினைவு வந்தது. இதே மனிதனோடு இருபத்தெட்டு வருடம் இருந்தீர்களே, இந்தச் சிரிப்பு அப்போது எங்கே இருந்தது? நீங்கள் கேட்கவில்லையா? அவர் தரவில்லையா? இப்போது வாய்க்கு வாய் ‘பிலோ, பிலோ’ என்கிறாரே, அது அன்பா, அல்லது அன்றைக்குச் செய்யாததை நினைத்து மனம் குத்துவதா? அவரிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. உங்களிடம் கேட்டால் நீங்கள் சொல்லப்போவதில்லை.

உங்களில் முழுதாகப் பொறாமைப்படவும் இப்போது ஏலாமல் இருக்கிறது. விடவும் ஏலவில்லை.

அடுத்த ஞாயிறு நிரோசா வந்தாள். பின் வளவுக்குப் போகவில்லை, விறாந்தையில்தான் இருந்தாள். போகும்போது படலையடியில் நின்று, கையால் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

“மாசியில பிள்ளை பிறக்கும், அன்ரி. மாமிக்கு முழங்கால் ஏலாது. ஒரு மாசம் வந்து நிப்பிங்களோ?”

“ஓம் பிள்ள. வாறன்.”

“அம்மா எண்டாச் சரக்கு அரைச்சுக் கறி வெச்சுத் தருவா. அனு பிறக்கேக்க நோய் வருத்தத்தோடயும் வந்து வெச்சுத் தந்தவ.”

பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் மருந்துச் சரக்கும் அரைத்து வைக்கும் அந்தக் கறி எனக்குத் தெரியாது. நான் பிள்ளை பெறவில்லை. எனக்கு ஒருவரும் அதை வைத்துத் தரவில்லை. பரீதாவிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். முதல்தரம் வைத்தது கைத்தது. அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, “இதுக்கு ஆஸ்பத்திரி மருந்து பரவாயில்ல” என்றார். இரண்டாம் தரம் கொஞ்சம் வந்திருக்கிறது. மாசிக்கு இன்னும் காலம் இருக்கிறது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அக்கா. மாசியில் துணியையும் ஊசியையும் பூட்டி வைத்துவிட்டுக் கப்பல்துறைக்குப் போவேன். உங்கள் மகளுக்கு என் கையால் சரக்கு அரைத்து வைத்துக் கொடுப்பேன். அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “அம்மா வைக்கிறமாதிரி இல்லை” என்பாள். கட்டாயம் சொல்லுவாள். எனக்கு எரியும். எரியட்டும். கோப்பையில் இன்னும் ஒரு அகப்பை விட்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலிருந்து எழும்பமாட்டேன்.

இப்படிக்கு,
கேட்காமலே உங்களுக்கு வந்து சேர்ந்த தங்கச்சி,
ஜெசிந்தா