ஏழாவது பாட்டு

மின்னி பே,
3.3.2024

அன்புள்ள உதயா,

நலம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? எங்கள் ராக் பேண்டின் ஆல்பம் ஒருவழியாக வந்துவிட்டது. உங்கள் கட்சால் தீவில் நெட் இழுக்காதே, அதனால் பென் டிரைவில் போட்டு, ஆல்பம் அட்டையோடு கப்பலில் வரும் பானுமதி அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். எட்டுப் பாட்டு. ஐந்து கவர், அதாவது மற்றவர்கள் பாட்டை எங்கள் கிடாரில் போட்டு உருட்டியது. மூன்று சொந்தம். ஏழாவதைக் கேட்டதும் கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குச் சத்தம் ஆகாது, மெதுவாக வை.

உன்,
நந்து


கட்சால்,
19.3.2024

அன்புள்ள நந்து,

ரப்பர் பால் எடுத்துவிட்டு வந்து மத்தியானம் கேட்டோம். அட்டையில் ஏழாவதுக்கு நேரே 'சொல், இசை: நந்தகுமார்' என்று பார்த்ததும் சுருக்கென்றது. அதை விடு.

பாட்டு தொடங்கியதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். சுனாமி முகாமில் தினமும் பழைய ரேஷன் லிஸ்டையே வாசிப்பார்கள், நினைவிருக்கிறதா? அலையில் போன தங்கச்சி ஜெயலட்சுமி பேர் வரும்போது, 'இல்லை' என்று சொல்ல வாய் வராமல், வந்திருக்கிறாள் என்பதுபோல அம்மா "ஹாஜிர்" என்பாள். அதைத்தானே நான் பாட்டாக்கினேன். இன்றும் நான் பாடினால், பேர் வரும் இடத்தில் அவள் ஹாஜிர் சொல்லாமல் இருந்ததில்லை. உன் பாட்டுக்கும் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். நீ அந்த இடத்தில் 'வெண்ணிலா' என்று பாடிவிட்டுப் போய்விட்டாய்.

"பேரெ மறந்துட்டான் போல. பாவம் புள்ள," என்றாள்.

உதயா


மின்னி பே,
6.4.2024

உதயா,

உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். போன சனிக்கிழமை மரைன் ஹில்லில் நிகழ்ச்சி. ஏழாவதைப் பாடச் சொல்லிக் கூட்டம் கத்தியது. தொண்டை கட்டிவிட்டது என்று பொய் சொல்லி இறங்கிவிட்டேன். வெட்கமாக இருக்கிறதடா.

நான் மறக்கவில்லை. அந்த ரேஷன் வரிசையில் உங்களுக்குப் பின்னால் நின்றவன் நான். காதல் பாட்டாக இருந்தால் மெயின்லேண்டில் ஓடும் என்று நானேதான் பாட்டிலிருந்து ஜெயலட்சுமி பேரை எடுத்தேன். அட்டையிலிருந்து உன் பேரையும் எடுத்தேன்.

பேரோடு திரும்பப் பாடி அனுப்புகிறேன். அட்டையில் அதைச் சொந்தப் பாட்டிலிருந்து எடுத்துக் கவர் பாட்டுகளோடு சேர்த்து, உன் பேர் போட்டுவிட்டேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடு. எந்த முகத்தோடு நான் வந்து சொல்வேன்?

நந்து


கட்சால்,
28.4.2024

நந்தகுமாருக்கு,

கிடைத்தது. அம்மா ஹாஜிர் சொன்னாள். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொல்லி, மறுபடியும் சொன்னாள். "பாத்தியா, புள்ளைக்கு ஞாபகம் வந்துருச்சு," என்று ஒரே சந்தோஷம்.

நீ எழுதியதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். மறந்துவிட்டாய் என்று நினைப்பதால்தான் அவளுக்கு நீ இன்னும் பிள்ளை. எனக்குத் தெரியும், நந்தகுமார். எனக்கு அதைத் தெரியாததாக்க முடியவில்லை.

டிக்கெட் கிடைத்தால் கப்பலேறி வா. அவளைப் பார்க்க வா.

உதயசூரியன்