பீரோவுக்குப் பின்னால் போகும் வயர்

சாப்பாடு அடுப்பு மேலே மூடி இருக்கிறது. நானும் பாப்பாவும் அக்கா வீட்டில் இருப்போம்.

காலையில் எல்லா சுவிட்சையும் அணைத்து, ஃப்ரிட்ஜையும் பிடுங்கிவிட்டு மீட்டரைப் பார்த்தேன். அப்போதும் ஓடிக்கொண்டே இருந்தது. "மீட்டர் பழசு, பில் அப்படித்தான் எகிறும்" என்று நீங்கள் சொன்னதை நம்பி, பில்லைக் குறைக்கத் தையல் மெஷினில் மோட்டாரைக் கழற்றிவிட்டு ஆறு மாதமாகக் காலால் மிதிக்கிறேன். இன்று பீரோவை நகர்த்தினேன். சுவரில் ஓட்டை போட்டு, பக்கத்து வீட்டில் இருக்கும் உங்கள் தம்பியின் ஏசிக்கு நம் கரண்டைக் கொடுத்திருக்கிறீர்கள். கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேனே!

என் கால்வலி கிடக்கட்டும். லைட்டை அணைக்கவில்லை என்று பாப்பாவை எத்தனை நாள் கரித்துக்கொட்டினேன்! பக்கத்திலேயே உட்கார்ந்து, "அம்மா சொல்றது சரிதானே" என்று தலையாட்டினீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

வயரை நான் தொடவில்லை. இழுத்தவரே பிடுங்கட்டும்.

ஃப்ரிட்ஜை மறுபடி மாட்டிவிட்டேன். பாலைக் காய்ச்சிவிடுங்கள்.

இன்னொன்று. செருப்பு மாட்டும்போது பாப்பா கேட்டாள்: "அப்போ நான் தினமும் லைட்டை அணைச்சிட்டுத்தானேம்மா படுத்தேன்?" எங்களைக் கூப்பிட வந்தால், முதலில் அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.