பீரங்கி வண்டியின் இடது பக்கம்

என் தங்கத்துக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி வாலுக்குட்டியும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். வாலுக்குட்டி வண்ணம் தீட்டி அனுப்பிய பொம்மை, அந்தக் குட்டி அரக்கன், கொம்பு உடையாமல் வந்து சேர்ந்தான். கட்டைவிரல் உயரம்கூட இல்லை, அவனுக்குப் புருவம் வரைந்து கால் நகத்துக்கெல்லாம் ரோஸ் சாயம் பூசியிருக்கிறாளே, ஏழு வயதில் யாருக்கடி வரும் இந்தக் கை? எதிர்வீட்டு டீச்சர், பால்காரர், தபால்காரர் எல்லாருக்கும் காட்டியாகிவிட்டது. தபால்காரர், "இதோட ஆறு தடவ பாத்துட்டேம்மா" என்றார், அதற்காக விட முடியுமா, ஏழாவது தடவையும் காட்டினேன்.

இப்போது சொல்லப்போவதைத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்து படி, போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொம்மை வண்டிக் கண்காட்சிக்குக் கொண்டுபோக மருந்துக்கடையில் வேலை பார்க்கும் உன் தோழி வருவாள் என்று சொன்னாய் அல்லவா, நாலு பேர் பார்க்கப்போகிற சாமான் ஆயிற்றே என்று உன் கண்ணாடி அலமாரியைத் திறந்தேன். நீ செய்துவைத்த பொம்மைப் பீரங்கி வண்டி ஒரே சேறும் துருவுமாக இருந்தது. ஐயோ பாவம், இத்தனை நாள் துடைக்க ஆளில்லாமல் கிடந்திருக்கிறதே என்று சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்தேய் என்று தேய்த்தேன். தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது, பார்க்கப் பார்க்க எனக்கு ஒரே பெருமை. மறுநாள் உன் தோழி வந்து பார்த்துவிட்டு வாயில் கை வைத்தவள்தான், எடுக்கவேயில்லை. "அம்மா, அது அழுக்கில்லம்மா, அவ மூணு மாசம் ஒக்காந்து வரைஞ்சதும்மா" என்றாள். வண்டியைச் சேற்றில் ஓட்டிவந்த மாதிரி வேண்டுமென்றே அழுக்காக்குவீர்கள் என்று யாரடி கண்டது? உன் அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, "நாப்பது வருஷமா என் பட்டறைச் சட்டைக் கறைய போக்க முடியாதவ, இதுல ஒரே நாள்ல போக்கிட்டா பாரு" என்கிறார். இரண்டு நாள் நான் அவரிடம் பேசவில்லை.

அப்புறம் அவரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கண்காட்சிக்கு ஆறு வாரம் இருக்கிறது, அழுக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம் என்று உன் தோழி தன் போனில் இருந்த போட்டோவைக் காட்டினாள், அதில் வலது பக்கம் மட்டும்தான் தெரிந்தது. அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் போட்டேன். உன் சாயக் குப்பியில் எழுதியிருப்பது எனக்குப் புரியவில்லை, மூடியில் நீ வைத்திருக்கும் நிறப் பொட்டைப் பார்த்து எடுத்தேன். "சேறு வானத்துலேர்ந்தா விழும், சக்கரத்துலேர்ந்து தெறிக்கும்டி, கீழ பூசு, துரு அந்த ஆணித் தலையில ஆரம்பிச்சு ஒழுகணும்" என்று ஒரே அதட்டல், லாரி பழுது பார்த்த மனுஷர் அல்லவா. ஒன்பது நாள் ஆயிற்று. உன் தோழி போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எது உன் கை எது என் கை என்று தெரியவில்லை என்றாள், என் மனம் நோகக்கூடாது என்றுகூடச் சொல்லியிருப்பாள், நீயே வந்து பார்த்துச் சொல்லு.

இடது பக்கத்தை மட்டும் கழுவினபடியே விட்டுவிட்டேன். அதற்குப் போட்டோ இல்லை என்று உன் தோழியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். உன்னிடம் எதற்குப் பொய், அப்பா "இதையும் முடிச்சிடலாமே, இப்பதான் கை பழகிடுச்சே" என்றார், பேசாமல் இருங்கள் என்று அவர் வாயை அடைத்தேன். நீ வந்து மூன்று வருஷம் ஆகிறது, ஒவ்வொரு தடவையும் லீவு இருக்கிறது வருகிறேன் என்கிறாய், அப்புறம் வேலை என்கிறாய். கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்னால் கிளம்பி வா, அந்தப் பக்கம் உனக்குத்தான். வாலுக்குட்டியையும் அவள் பிரஷ்ஷையும் மறக்காதே, வண்டிச் சக்கரத்துக்கும் ரோஸ் பூசுவேன் என்றாலும் பூசட்டும். வரும்போது கோபத்தை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வா.

மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் மனம் நிறைந்து இருக்க வேண்டும், எப்போதும் என் நினைப்பு உங்கள் மேல்தான். வண்டியை உன் அலமாரியிலேயே வைத்திருக்கிறேன், சுத்தமாக இருக்கிற பக்கம் வாசலைப் பார்த்தபடி.

உன் வண்டியைக் கழுவிய,
அம்மா